காலையில் இரண்டு, மாலையில் இரண்டு

பதினோராயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு நாள் நான் காலை ஆறு மணிக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம். லீப் வருடங்களின் எட்டு நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முழங்கை வரை கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். துண்டில் துடைத்தால் கழுவியதற்கே பொருளில்லை. சற்று முன் நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தபோது டம்ளரின் விளிம்பில் விரல் வைத்துப் பிடித்தீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழக்கதோஷம், கண்ணில் படுகிறது.

என் தம்பிக்கு நான் கெடுதல் செய்ததாக உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறது. செய்ததைச் சொல்கிறேன். கெடுதலா என்பதைப் பிறகு பார்க்கலாம். எழுதிக்கொள்ளும் அம்மா அவசரப்பட வேண்டாம். எனக்கு வேறு வேலை இல்லை.

அரண்மனை என்றதும் எல்லோரும் தங்கத்தை நினைக்கிறார்கள். எங்கள் அரண்மனையில் பாதிக் குழாய்களில் தண்ணீர் வராது. மழைக்காலத்தில் வடக்குத் தாழ்வாரத்தில் ஏழு வாளி வைப்போம். அந்தத் தாழ்வாரத்தின் கடைசி அறைதான் மருந்தறை. ஒரே ஜன்னல், அதில் நேர்வெயில் விழாது. பழுப்பு நிறப் புட்டிகள், ஒரு சின்னத் தராசு, ஒரு பதிவேடு. கல்லூரியில் நான் வேதியியல் படித்தேன். அரசன் மகளை வேறு எங்கும் வேலைக்கு அனுப்ப முடியாது என்பதால் அந்த அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அங்கே நான் சந்தோஷமாகவே இருந்தேன். மருந்துகள் யாரிடமும் கதை பேசுவதில்லை.

மருந்தறைக்கு ஒரு விதி உண்டு. அரச உடம்புக்கு ஒரு டாக்டர் எழுதிய மருந்தை அவரேதான் நிறுத்த வேண்டும். வேறு டாக்டர் கை வைக்கக் கூடாது. எங்கள் கொள்ளுத் தாத்தா காலத்தில் இரண்டு வைத்தியர்கள், ஒருவர் கொடுத்ததை மற்றவர் நிறுத்தி, மற்றவர் கொடுத்ததை இவர் நிறுத்தி, அந்த இழுபறியிலேயே ஒரு அரசர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு வந்த விதி. டாக்டர் ஒரு சீட்டில் எழுதித் தருவார். நான் அதைப் பதிவேட்டில் ஏற்றுவேன். மாதக் கடைசியில் 'தொடர்க' என்று எழுதி, அப்போது பணியில் இருக்கும் டாக்டரிடம் கையெழுத்து வாங்குவேன். அவ்வளவுதான் என் வேலை.

அரியணைக்கும் ஒரு விதி உண்டு. உறுதிமொழிப் புத்தகம் என்று ஒன்று. எழுபது பக்கம், பக்கத்துக்கு ஓர் உறுதிமொழி, எறும்பு வரிசை போன்ற எழுத்து. பழைய அரசர் இறந்த மூன்றாம் நாள் நடுப்பகலில், திறந்த முற்றத்தில், வாயில்காப்பவர்களில் மூத்தவர் ஒரு மெல்லிய கத்தியைப் புத்தகத்துக்குள் செருகித் திறப்பார். எந்தப் பக்கம் விழுகிறதோ அதை வாரிசு வெயிலில் நின்று, முகத்தில் கண்ணாடி முதலிய எதுவும் இல்லாமல், தானே வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாதவர் அரசரில்லை. முறை அடுத்தவருக்குப் போகும். படிக்கத் தெரியாத ஒருவரை முன்னால் நிறுத்திப் பின்னால் இருந்து இன்னொருவர் ஆண்டுவிடக் கூடாது என்று யாரோ யோசித்து வைத்தது. நல்ல விதிதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

அரசராகாமல் போன வாரிசைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். அப்படி இரண்டு பேர் இருந்தோம். நீங்கள் ஒருவரைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள்.

மகன் இல்லாவிட்டால் மூத்த மகள். அதுவும் விதிதான். பன்னிரண்டு வயது வரை நான்தான் வாரிசு. ஐந்து வயதிலிருந்து தினமும் காலையில் அந்தப் புத்தகத்தை என் மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம் ஒரு காலை, முப்பத்தொன்றாம் பக்கத்தின் நான்காவது வரியில் விரல் வைத்திருந்தேன். புத்தகக் காப்பாளர் உள்ளே வந்தார்.

"விரலை எடுங்க பாப்பா," என்றார். "தம்பி பிறந்திருக்கார். இனிமே இது அவரோடது."

"இந்தப் பக்கத்த முடிச்சிட்டுத் தரேன்."

"எதுக்கு பாப்பா வீணா கண்ணக் கெடுத்துக்கிறீங்க."

எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்காவது வரி எப்படி முடிகிறது என்று வெகுகாலம் எனக்குத் தெரியாது. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. அன்று காலை என்ன நடந்தது என்று கேட்டால் அன்று காலை நடந்ததைத்தானே சொல்ல வேண்டும்.

அம்மா ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அதற்கும் நான் அவன் மேல் பழி போட்டதில்லை. அவனைக் குளிப்பாட்டினேன், நடை பழக்கினேன், எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். "அக்கான்னா இப்படி இருக்கணும்," என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்கள். இருந்தேன்.

அவனுக்கு ஏழு வயதில் பந்து ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கண்ணில்தான் பட்டது, இரண்டும் சிவந்து வீங்கின. பெரிய டாக்டர் என்று நாங்கள் சொல்லும் அரண்மனை மருத்துவர் வந்து பார்த்துச் சொட்டு மருந்து எழுதினார். 'காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நான் பார்த்துச் சொல்லும்வரை' என்று சீட்டில் இருந்தது. வாரம் ஒருமுறை வந்து பார்த்தார். நாற்பத்து மூன்றாம் நாள் கடைசியாக வந்தார். அதற்கடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார்.

பதிவேடு உங்கள் மேசையிலேயே இருக்கிறது. புரட்டிப் பாருங்கள். 'நிறுத்துக' என்று ஒரு வரியும் இருக்காது. ஒவ்வொரு மாதமும் 'தொடர்க', கீழே கையெழுத்து. பதினொரு டாக்டர்கள் மாறினார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை. செத்தவர் எழுதியதை மாற்ற உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பயம்.

அந்த மருந்து என்ன செய்யும் என்று கேட்டீர்கள். கண்ணின் பாப்பாவை விரித்து வைக்கும். உள்ளே இருக்கும் லென்ஸைக் கிட்டத்துக்கு ஏற்ப வளைக்கும் தசை ஒன்று உண்டு இல்லையா, அதை ஓய்வெடுக்க வைக்கும். வெளிச்சம் கூசும். பக்கத்தில் இருப்பதெல்லாம் கலங்கித் தெரியும். வீங்கிய கண்ணுக்கு அது தேவை. நல்ல மருந்து, நோய் இருக்கும்வரை. விட்டுவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் கண் பழையபடி ஆகிவிடும். அதனால் ஒரு வேளைகூட விடக் கூடாது. நான் விட்டதில்லை. எனக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல் அடித்தபோதும் எழுந்து போய்ப் போட்டேன்.

அவன் அடம் பிடிக்கும் பிள்ளையில்லை. தலையை என் மடியில் வைத்து, இமையைத் தானே விரித்துப் பிடித்துக்கொள்வான். அவன் அறைக்கு இரட்டைத் திரைச்சீலை போட்டேன். வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி. சித்தப்பாவின் மகன் அவனை ஆந்தை என்று கூப்பிடுவான். தம்பி சிரித்துக்கொண்டே, "ஆந்தைக்கு ராத்திரியாவது தெரியும்டா, எனக்கு அதுவும் கிடையாது," என்பான். அவனுக்கு யார்மேலும் கோபம் வராது. அது எனக்குப் பிடிக்காத குணம். எல்லாம் தனக்கு வந்து சேர்ந்துவிடும் என்று இருப்பவர்களுக்குத்தான் கோபம் வராது.

கிட்டப் பார்க்க உதவும் கண்ணாடி ஒன்றை ஒருமுறை யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுப் பார்த்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று சொன்னேன். என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

அவனுக்கு இருபத்து நான்கு வயதில் வெளியூரிலிருந்து ஒரு கண் டாக்டர் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"சொட்டு மருந்து ஏதாவது போடறீங்களாம்மா?"

பதிவேட்டைக் காட்டினேன். மறைக்கவில்லை.

"இத யார் நிறுத்தணும்?"

"எழுதினவர்தான்."

"அவர் எங்க இருக்கார்?"

"செத்துப் பதினேழு வருஷமாச்சு."

"அப்ப அவர எழுப்பித்தான் கேக்கணும்," என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. நேராக அப்பாவிடம் போனார். பதினான்கு நாள் மருந்தை விட்டுப் பாருங்கள் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். விதி அப்படிச் சொல்லவில்லை அப்பா என்றேன். அப்பா விதிகளை நம்பி அரசரானவர். மறுநாளே டாக்டரை வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள்.

படிக்க முடியாதவனுக்குப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். செய்தித்தாள், கடிதம், கதைப் புத்தகம் எல்லாம் நான்தான் வாசித்தேன். வாசிக்கும்போது சில வரிகளைத் திருத்துவேன். யார்தான் திருத்துவதில்லை. செய்தித்தாளில் அவனைப் பற்றி ஒன்றுமே இல்லாத நாட்களில் ஏதாவது இருப்பதாக வாசிப்பேன், நல்லதாக அல்ல. அவனுக்கு இருபத்தேழு வயதில் ஒரு பெண் கடிதம் எழுதினாள். பள்ளியில் விலங்கியல் சொல்லிக் கொடுப்பவள். இருண்ட அறை எனக்குப் பழக்கம்தான், எங்கள் ஆய்வுக்கூடமும் அப்படித்தான் இருக்கும், சம்மதம் என்று எழுதியிருந்தாள். கண் தெரியாதவரைக் கட்டிக்கொள்ள வீட்டில் விருப்பமில்லை, மன்னிக்கவும் என்று நான் வாசித்தேன். அவன் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னான். அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்ல வேண்டுமே என்று கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

முப்பது வயதில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"அக்கா, எழுபது பக்கம்தானே? நீ வாசி. நான் மனப்பாடம் பண்ணிடறேன்."

"எந்தப் பக்கம் விழும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகத்த யார் ஏந்தணும்? அக்கா தங்கச்சி யாராவதுதானே. நீதான் எனக்கு நேரா நிப்ப. முதல் வார்த்தைய மட்டும் மெதுவா சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்." பிறகு சொன்னான்: "ஊர ஏமாத்தற மாதிரிதான் இருக்கு. ஆனா படிக்கத் தெரியாதவன்தானே வரக் கூடாது? எனக்குப் படிக்கத் தெரியும்க்கா. கண்ணு தெரியலைங்கறதுதான் பிரச்சினை."

மூன்று வருடம். நான் வாசிக்க வாசிக்க எழுபது பக்கத்தையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டான். ஒரு சொல் பிசகாது. முப்பத்தொன்றாம் பக்கத்தை அவன் சொல்லும்போது நான்காவது வரி முடியும் இடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சாதாரண வரிதான். 'கையில் உள்ளதைப் பிடுங்கேன்' என்று முடியும்.

அவனுக்கு முப்பத்து மூன்று வயதில் அப்பா இறந்தார். மூன்றாம் நாள் முற்றம் நிறைய ஆட்கள். வெயில் கல்லில் பட்டு எழும்பியது. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. அப்பாவுக்காக அழுகிறான் என்று கூட்டம் நினைத்தது. அன்று காலை ஆறு மணிக்கும் நான்தான் போட்டேன்.

கத்தி செருகப்பட்டது. பத்தொன்பதாம் பக்கம் திறந்தது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து நிற்கும். தள்ளித்தான் பிடித்திருந்தேன். நன்றாகவே தெரிந்தது. நான் இருபதாம் பக்கத்தின் முதல் வார்த்தையைச் சொன்னேன்.

அவன் இருபதாம் பக்கத்தை முழுவதும் சொன்னான். அதைவிட நன்றாக யாரும் சொல்லியிருக்க முடியாது. குரல் நடுங்கவில்லை. கடைசி வரி வரை புத்தகக் காப்பாளர் குறுக்கிடவில்லை, அதுவும் விதி. முடிந்த பிறகு அவர் பக்கத்தைப் பார்த்தார், இது இல்லை என்று கையைத் தூக்கினார். பிறகு பின்வரிசையில் ஒருவர், "ஆந்தை கிளிப்பிள்ளை ஆயிடுச்சுடா," என்றார். முற்றம் முழுவதும் சிரித்தது. அடுத்து சித்தப்பாவின் மகன் வந்து பத்தொன்பதாம் பக்கத்தைத் திக்கித் திக்கி வாசித்தான். அரசனானான்.

வாய் தவறிவிட்டது என்று அன்று தம்பியிடம் சொன்னேன். "பரவாயில்லக்கா, அந்த வெயில்ல யாருக்குத்தான் தெரியும்," என்றான். என் முதுகைத் தட்டிக் கொடுத்தான். வாய் தவறவில்லை. எழுதிக்கொள்ளலாம்.

அதனால் உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மகன் உயிரோடு இருக்கும்வரை மகளுக்கு முறை கிடையாது. அவனைக் கொல்ல நான் ஒருநாளும் நினைத்ததில்லை, அதைத் தெளிவாக எழுதுங்கள். தனக்கு இல்லாதது தம்பிக்கும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று நீங்கள் எழுதப் பார்க்கிறீர்கள். எனக்கு அவ்வளவு சின்ன மனசு இல்லை. விதிப்படி நடந்தேன்.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு தெருவில் இரண்டு அறை கொடுத்தார்கள். கீழே சைக்கிள் கடை, எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா. தெரு அவனுக்குக் கூலிங்கிளாஸ் ராஜா என்று பெயர் வைத்தது. முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். பிறகு அவனுடைய பேச்சுக்காகவே மாலையில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அது எனக்குப் புரியவில்லை. எல்லாம் போன பிறகும் ஒருவனால் எப்படி அப்படிச் சிரிக்க முடிகிறது.

அரியணைதான் போய்விட்டதே, மருந்தை ஏன் விடவில்லை என்றீர்கள். சொட்டு மருந்து கரைக்க மருந்தறையிலிருந்து எடுத்து வந்த தூள் இன்னும் இருபது வருடத்துக்குப் போதும், அது ஒரு காரணம். ஆறு மணி அடித்தால் கை தானாகக் குழாய்க்குப் போகும், அது ஒன்று. இன்னும் ஐந்தாறு வருடம் போயிருந்தால் வயதே அந்த வேலையைச் செய்திருக்கும். எல்லோருக்கும் பக்கத்தில் இருப்பது கலங்கும் வயது வந்திருக்கும். அதுவரைதான் என்று இருந்தேன்.

கடைசி நாள் மாலை கை கழுவிவிட்டுப் புட்டியோடு வரும்போது குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது. புட்டி உடைந்தது. அந்த மருந்தைக் கரைத்து வைக்க என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பதினான்கு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எண்ணினேன். நான்காம் நாள் வெளிச்சம் கூசுவது குறையும். ஏழாம் நாள் தன் விரல் ரேகை தெரியும். தையல்காரம்மாவிடம் சொல்லியனுப்பினேன், திரைச்சீலையைத் திறக்க வேண்டாம், வெளியே விட வேண்டாம் என்று. அவள் பத்தாம் நாள் பார்க்க வந்தாள்.

"திரைச்சீலைல ஒரு படி அழுக்கு. கழட்டித் துவைச்சுப் போட்டுட்டேன்," என்றாள். "உங்க தம்பிக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கார். நல்லாத்தான் இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்றேன்.

வீட்டுக்கு என்னை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நடுப்பகல். அவன் தையல்காரம்மாவின் கடை வாசலில், வெயிலில், கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஏற்கெனவே கோத்த ஊசிகள் ஒரு வரிசை துணியில் குத்தியிருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண்ணின் பாப்பா சின்னதாக, மிளகு அளவில் இருந்தது. அவன் ஏழு வயதுக்குப் பிறகு நான் அதை அப்படிப் பார்த்ததில்லை.

"முடியெல்லாம் நரைச்சுப் போச்சேக்கா," என்றான். "சொல்லவே இல்ல."

நான் உட்கார இடம் கேட்டேன். தையல்காரம்மா ஸ்டூலை நகர்த்தவில்லை. அவன்தான் எழுந்து எடுத்துப் போட்டான்.

"முதல்ல இங்க இருக்கிற பழைய பேப்பர் எல்லாம் படிச்சேன். எழுத்துக் கூட்டித்தான். அது தீர்ந்ததும் உன் பெட்டில ஏதாவது இருக்குமான்னு பாத்தேன். உன்னக் கேக்காம திறந்தது தப்புதான்."

சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தான். அரச உடம்பைப் பற்றி எழுதிய காகிதத்தைக் கிழிக்கவோ எரிக்கவோ கூடாது. அதுவும் மருந்தறை விதி. நான் எந்த விதியையும் மீறியதில்லை. அதனால்தான் அது இருந்தது.

அவன் சீட்டை எனக்கு நேராக நீட்டினான். என்னிடம் கண்ணாடி இல்லை. எனக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஆனால் எந்தச் சீட்டு என்று தெரிந்தது.

"முதல் வார்த்தைய நீ சொல்ல வேண்டாம்க்கா," என்றான். "எனக்கே தெரியுது."

எழுந்து நேராக நின்றான். சைக்கிள் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முற்றத்தில் நின்ற அதே நிற்பு, அதே குரல். எங்கும் தடுக்கவில்லை. அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் வாசித்தது இது:

"நாற்பத்து மூன்றாம் நாள். இளவரசரின் இரு கண்களும் முழுமையாகக் குணமடைந்துவிட்டன. இன்றோடு சொட்டு மருந்தை நிறுத்துக. பதிவேட்டில் ஏற்றுவதற்காக இந்தச் சீட்டை அவருடைய அக்காவின் கையில் கொடுத்தேன்."